படியில் இறங்கும் வெள்ளம்

மழை என்றதும் வானத்தை அண்ணாந்து பார்ப்பது மக்களின் இயல்பு. ஆனால் இன்று நம் பெருநகரங்களில் நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் வானம் தெரியாத இடங்களில் பொழுதைக் கழிக்கின்றனர். சுரங்க ரயில் நிலையங்கள், நிலவறைக் கடைகள், மோட்டார் வண்டிகள் நிறுத்தும் அடித்தளங்கள், சாலைக்குக் கீழே செல்லும் சுரங்கப்பாதைகள், மாணவர் படிக்கும் கூடங்கள் என்று பூமிக்கடியில் மற்றொரு நகரமே இயங்கி வருகிறது. மேலே பெருமழை கொட்டும்போது கீழே இருப்பவருக்கு அது தெரிவதில்லை. தெரிய வரும்போதோ, அவர் ஏறிச் செல்ல வேண்டிய படிக்கட்டிலேயே வெள்ளம் இறங்கி வந்துகொண்டிருக்கும். மனிதன் வெளியேறும் வழியும் நீர் உட்புகும் வழியும் ஒன்றாகவே அமைந்துவிடுவதுதான் நிலத்தடி இடங்களுக்கே உரிய அபாயம். இந்த எளிய உண்மையை உலகின் நகரங்கள் எவ்வாறு கற்றுக்கொண்டன, அதற்கு எத்தகைய விலை கொடுத்தன என்பதை வரலாற்று முறையில் சற்றுக் காண்போம்.

நிலத்தின் கீழ் இடம் தேடுவது மனிதனுக்குப் புதியதன்று. வெயிலின் கொடுமைக்கு அஞ்சி மாளிகைகளின் அடியில் ‘தைகானா’ என்ற நிலவறை அமைப்பது வட இந்தியாவில் முகலாயர் காலத்திலேயே இருந்த வழக்கம். ஆனால் அங்கு இறங்கியவர் ஒரு குடும்பத்தினர் மட்டுமே. ஊரே கீழே இறங்கும் காலம் 1863-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் லண்டனில் முதல் சுரங்க ரயில் பொதுமக்களுக்காக ஓடியபோது பிறந்தது எனலாம். இந்தியாவில் அது 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் கல்கத்தாவில் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே தொடங்கியது. டில்லியில் 2004-ஆம் ஆண்டின் இறுதியில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. நிலத்தின் விலை ஏற ஏற, வீடு கட்டுவோரும் கடை வைப்போரும் மேலே மாடிகளை எழுப்பியது போலவே கீழேயும் தோண்டினர். கீழே செல்லும் வசதி பெருகிய அளவுக்கு, கீழிருந்து விரைந்து மேலே வரும் வழியைப் பற்றிய சிந்தனை பெருகவில்லை.

அந்தச் சிந்தனையை உலகில் தூண்டிவிட்ட நிகழ்ச்சிகளுள் முதன்மையானது ஜப்பான் நாட்டின் ஃபுகுவோகா நகரில் நேர்ந்தது. 1999-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் அங்கே ஒரு மணி நேரத்தில் 70 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பெய்தது. மிகாஸா என்னும் ஆறு கரை புரண்டது. ஹகாட்டா ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி தாழ்வானது. ஆற்று நீர் தெருக்களின் வழியே அங்கு வந்து சேர்ந்தது. நிலத்தடிக் கடைத்தெருவிலும், சுரங்க ரயில் நிலையத்திலும், கட்டடங்களின் நிலவறைகளிலும் நீர் புகுந்தது. ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த உணவு விடுதியில் வேலை செய்த பெண்மணி ஒருவர் வெளியேற இயலாமல் உயிர் நீத்தார். மூன்று வாரங்கள் சென்று, ஜூலை 21-ஆம் நாள், தோக்கியோவின் ஷிஞ்ஜுகு பகுதியிலும் ஒருவர் தம் வீட்டு நிலவறையில் நீரில் சிக்கி மாண்டார். நிலவறையின் நிலைமையைப் பார்த்து வரலாம் என்று இறங்கியவர் அவர். இறந்தோர் இருவர்தாம். எனினும் நாட்டின் அறிஞர்கள் இதனைச் சிறிய விபத்தாகக் கருதி விட்டுவிடவில்லை. நீர் சூழ்ந்த நிலவறையிலிருந்து ஒரு மனிதன் எந்நிலை வரையில் தன் காலால் நடந்து வெளியேற முடியும் என்ற கேள்வியை அவர்கள் எழுப்பினர்.

இக்கேள்விக்கு ஏட்டில் விடை காண முடியாது. ஆகவே கியோட்டோ பல்கலைக்கழகத்தின் பேரிடர்த் தடுப்பு ஆய்வு நிறுவனத்தார் தம் உஜிகாவா ஆய்வுக்கூடத்தில் உண்மையான அளவுள்ள படிக்கட்டு ஒன்றை அமைத்தனர். மேலிருந்து நீரைப் பாய்ச்சி, ஆண், பெண், முதியவர் என்று பலரை அதில் ஏறச் செய்து பார்த்தனர். தெருமட்டத்தில் நீர் ஏறக்குறைய 30 செண்டிமீட்டர் உயரம் நின்று படிகளில் பாயும் நிலை வந்தால், திடகாத்திரமான மனிதருக்கே ஏறுவது அரிதாகிவிடுகிறது என்பது அதில் தெரிந்தது. முதியவருக்கும் சிறுவருக்கும் எல்லை அதனினும் குறைவு. 30 செண்டிமீட்டர் என்பது நம் முழங்காலுக்கும் கீழே. தெருவில் அந்த அளவு தேங்கிய நீரில் நாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறோம். அதே நீர் படியில் இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் வேகம் கூடி, காலைத் தட்டிவிடும் அருவியாகிறது. தேங்கிய நீரைப் பார்த்துப் பழகிய கண், பாயும் நீரின் வலிமையைக் குறைவாகவே மதிப்பிடுகிறது.

அதே ஆய்வாளர்கள் கதவையும் சோதித்தனர். நீர் நிற்கும் பக்கமாகத் தள்ளித் திறக்க வேண்டிய கதவின் மறுபுறம் ஏறக்குறைய 40 செண்டிமீட்டர் நீர் சேர்ந்தால், வளர்ந்த ஆடவருக்கும் அதைத் திறப்பது பெரும்பாடாகிறது. காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். கதவின் அகலம் 80 செண்டிமீட்டர், நீரின் உயரம் 40 செண்டிமீட்டர் என்று கொள்வோம். அப்போது கதவின்மீது நீர் செலுத்தும் விசை சுமார் 64 கிலோ எடைக்குச் சமம். நீர் 80 செண்டிமீட்டராக உயர்ந்தால் விசை இரு மடங்காகும் என்று நாம் எண்ணக்கூடும். அவ்வாறன்று, அது நான்கு மடங்காகி 256 கிலோவை எட்டுகிறது. நீர் ஏறும் வேகத்தைக் காட்டிலும் கதவின் சுமை ஏறும் வேகம் மிகுதி. ‘இன்னும் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்’ என்று கழியும் ஐந்து நிமிடம், திறக்கும் கதவுக்கும் திறக்காத கதவுக்கும் உள்ள வேறுபாடாக முடியலாம்.

இப்பாடத்தின் மற்றொரு பகுதியை 2003-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் அதே ஃபுகுவோகா மீண்டும் கற்றது. அன்று பெருமழை கொட்டியது ஆற்றின் மேற்பகுதியில் உள்ள தஸைஃபு வட்டாரத்தில். ஹகாட்டாவில் அத்துணை மழை இல்லை. எனினும் மிகாஸா ஆறு மறுபடியும் பெருகி, ஹகாட்டா சுரங்க ரயில் நிலையத்தில் நீர் புகுந்தது. தலைக்கு மேலே மழை பெய்தால்தான் ஆபத்து என்ற எண்ணமும் பொய்யாயிற்று. இவ்வனுபவங்களுக்குப் பின் ஜப்பானியர் தங்கள் வெள்ளத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினர். வெள்ளம் வரக்கூடிய பகுதியிலுள்ள நிலத்தடிக் கடைத்தெருக்கள் மக்களை வெளியேற்றும் திட்டத்தை முன்கூட்டியே வகுத்து வைக்க வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கடமையாக்கப்பட்டது. ஹகாட்டாவுக்கு அருகிலுள்ள ஸன்னோ பூங்காவின் விளையாட்டுத் திடலைத் தாழ்த்தி, பெருமழைக் காலத்தில் நீரைத் தேக்கும் ஏரியாகவும் அது பயன்படும்படி செய்தனர்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரம் இந்த வரலாற்றில் இரண்டு முறை இடம் பெறுகிறது. ஒரே நகரம் காட்டும் இரு காட்சிகள் அவை. 2012-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘சாண்டி’ புயல் நெருங்கியபோது, 28-ஆம் நாள் மாலையிலேயே சுரங்க ரயில்களை நிறுத்தி நிலையங்களை மூடினர். மறுநாள் இரவு கடல் பொங்கி, கிழக்கு ஆற்றின் அடியே செல்லும் 7 ரயில் சுரங்கங்கள் நீரில் ஆழ்ந்தன. பொருட்சேதம் மிகப் பெரிது. ஆனால் சுரங்கத்தில் பயணிகள் இல்லை. ஆகவே அங்கே உயிர்ச்சேதமும் இல்லை. அடுத்த காட்சி 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் இரவு. ‘ஐடா’ புயலின் எச்சத்தால் சென்ட்ரல் பூங்காவில் ஒரு மணி நேரத்தில் 80 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று நகரில் இறந்தவர் 13 பேர். அவர்களுள் 11 பேர் நிலவறைக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். வாடகை குறைவு என்பதற்காக அங்கே குடியேறிய எளிய மக்கள் அவர்கள். ரயிலை மூட ஓர் அதிகாரி இருந்தார். வீட்டு நிலவறைக்கு அத்தகைய காவலர் எவரும் இல்லை. இந்த வேற்றுமையை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

அதே 2021-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் சீனாவின் ஜெங்ஜோ நகரில் ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ரயில் பணிமனையின் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு நீர் சுரங்கத்துள் பாய்ந்தது. ஐந்தாம் தடத்தில் ரயில் ஒன்று இரு நிலையங்களுக்கிடையே நின்றுவிட்டது. மார்பளவும் கழுத்தளவும் ஏறிய நீரில் பயணிகள் பெட்டிகளுக்குள்ளேயே காத்து நின்றனர். நூற்றுக்கணக்கானோர் மீட்கப்பட்டனர், 14 பேர் மாண்டனர். அந்நகரின் சாலைச் சுரங்கம் ஒன்றில் மேலும் 6 பேர் இறந்தனர். இரண்டு நாட்களுக்குள் அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம், அளவு மீறிய மழையின்போது தயங்காமல் ரயிலை நிறுத்தி நிலையத்தை மூடுமாறு ஆணையிட்டது. நியூயார்க் 2012-இல் முன்னதாகச் செய்ததை ஜெங்ஜோ பின்னர்ச் செய்ய நேர்ந்தது.

தென் கொரியாவின் அனுபவமும் கருதத்தக்கது. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள் சியோல் நகரில், பாதி நிலத்துக்குள் புதைந்த ‘பஞ்சிஹா’ என்னும் வீடொன்றில் ஒரு குடும்பத்தினர் மூவர் நீரில் மூழ்கி இறந்தனர். அடுத்த மாதம் 6-ஆம் நாள் போஹாங் நகரில், அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் நிறுத்தியிருந்த தங்கள் வண்டிகளை எடுக்கச் சென்றவர்களை, அருகிலிருந்த ஓடையின் வெள்ளம் சில நிமிடங்களில் சூழ்ந்துகொண்டது. 7 பேர் இறந்தனர். கூரையடியில் ஓடிய குழாய்களைப் பற்றிக்கொண்டு இருவர் உயிர் பிழைத்தனர். 2023-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் ஓசொங் என்னுமிடத்தில் மிஹோ ஆற்றின் கரை உடைந்து, சாலைச் சுரங்கப்பாதை ஒன்று பேருந்தோடும் கார்களோடும் மூழ்கியது. மாண்டவர் 14 பேர். வெள்ள எச்சரிக்கை அன்று அதிகாலையிலேயே விடுக்கப்பட்டிருந்தது. சாலையை மூடுவோர்தாம் இல்லை. எச்சரிக்கை ஏட்டில் இருப்பது வேறு, வாசலில் ஒருவர் நின்று தடுப்பது வேறு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தலைநகரில் வாழும் தமிழர்களுக்கு மிண்டோ பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1933-இல் கட்டப்பட்ட அந்த ரயில் பாலத்தின் அடியிலுள்ள தாழ்ந்த சாலையில் மழை நீர் நிறைவதைப் பல தலைமுறையினர் கண்டிருக்கின்றனர். 2020-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் அங்கே சரக்கு வண்டி ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். 2023-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் பெங்களூரின் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில், பகல் வேளையில், குடும்பத்தினரோடு காரில் வந்த இளம்பெண் ஒருவர் நீரில் சிக்கி இறந்தார். 2025-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் பம்பாயில், திறந்து மூன்று வாரமும் ஆகாத ஆச்சார்ய அத்ரே சௌக் சுரங்க ரயில் நிலையத்தினுள் மழை நீர் புகுந்தது. அங்கே சேவையை நிறுத்தியதால் உயிர்கள் தப்பின.

இவற்றுள் நம் நெஞ்சை மிகவும் உலுக்கியது 2024-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் டில்லி பழைய ராஜேந்திர நகரில் நிகழ்ந்த துயரமே. ஆட்சிப் பணித் தேர்வுக்கு மாணவர்களைப் பயிற்றுவிக்கும் நிலையம் ஒன்றின் நிலவறை, பொருள் வைப்பதற்கும் வண்டி நிறுத்துவதற்கும் மட்டுமே அனுமதி பெற்றது. அது நூலகமாகப் பயன்பட்டு வந்தது. அன்று மாலை தெருவில் நிறைந்த நீர் வாயிற்கதவைத் தகர்த்துக்கொண்டு கீழே பாய்ந்தது. படித்துக்கொண்டிருந்தவர்களுள் பலர் தப்பினர்; மூவர் மீளவில்லை. ஒருவர் உத்தரப் பிரதேசத்தினர், ஒருவர் தெலங்கானாவினர், ஒருவர் கேரளத்தினர். உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. ஆகஸ்ட் 5-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து பயிற்சி நிலையங்களின் பாதுகாப்பைப் பற்றிய வழக்கை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்தும் ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் அதே தெருக்களுக்கு வந்து அறை எடுத்துத் தங்கிப் படிக்கின்றனர். ஊரிலிருக்கும் பெற்றோர் அறை வாடகையையும் சாப்பாட்டையும் கேட்டறிகின்றனர். பிள்ளை படிக்கும் கூடம் தரைக்கு மேலா, கீழா என்று கேட்பதில்லை. இனிக் கேட்க வேண்டும்.

கட்டட நூலார் இதற்குக் கண்ட பரிகாரங்கள் பல. பல நகரங்களின் சுரங்க ரயில் நிலையங்களில், தெருவிலிருந்து சில படிகள் மேலே ஏறிய பின்னரே கீழே இறங்கும்படி வாயில்களை அமைத்திருக்கின்றனர். காரணமின்றி நம்மை ஏறி இறங்க வைக்கிறார்களே என்று அலுத்துக்கொள்வோர் உண்டு. அச்சில படிகள்தாம் தெரு நீருக்கு இட்ட வரப்பு. வாயிலில் செருகும் தடுப்புப் பலகை, நீர் ஏறியதும் ஒலிக்கும் மணி, தானாக இயங்கும் நீரிறைப்பு எந்திரம், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இரண்டு படிக்கட்டுகள் ஆகியவையும் தேவை. இவை அமைப்போரின் கடமை. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010-ஆம் ஆண்டில் நகர வெள்ளம் பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது.

நடந்து செல்லும் மனிதனின் கடமையும் ஒன்றுண்டு. தெரு நீர் வாயிற்படியைத் தொடுகிறது என்ற செய்தி கிடைத்த அளவிலேயே எழுந்து வெளியேற வேண்டும். புத்தகமும் பையும் மடிக்கணினியும் பிறகு வாங்கத்தக்கவை. மின்தூக்கியில் ஏறலாகாது, மின்சாரம் தடைப்பட்டால் அது மூடிய பெட்டி. இரண்டு படிக்கட்டுகள் இருந்தால் நீர் இறங்காத படியை நாட வேண்டும். நீர் இறங்கும் படியில் ஏறித்தான் ஆக வேண்டுமென்றால், கைப்பிடியை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராக, சிறுவரையும் முதியவரையும் நடுவில் வைத்து, அது கணுக்கால் அளவில் இருக்கும்போதே ஏறிவிட வேண்டும். வழுக்கும் ரப்பர் செருப்பைவிடக் காலைக் கவ்வும் காலணி நல்லது. வண்டியை எடுக்கவோ, பொருளைக் காக்கவோ, ‘பார்த்துவிட்டு வரலாம்’ என்றோ மீண்டும் இறங்குதல் ஒருபோதும் கூடாது. ஷிஞ்ஜுகுவும் போஹாங்கும் அதற்குச் சான்று. வழி முற்றும் அடைபட்டால், உள்ளே எது உயரமோ அதில் ஏறி நின்று 112 என்ற எண்ணுக்குச் செய்தி சொல்ல வேண்டும். ரயிலில் இருப்போர் தாமாகத் தண்டவாளத்தில் இறங்காமல் ஊழியரின் சொற்படி நடத்தல் வேண்டும். தண்டவாளத்தின் அருகே மின்சாரம் பாயும் இடங்கள் உண்டு.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இன்னும் ஓர் இடையூறு உண்டு, அது மொழி. அறிவிப்புகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதே தொழிலாக உள்ள நாம் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். ‘பொதுமக்கள் தாழ்வான பகுதிகளைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற வாக்கியம் இலக்கணப்படி சரியானது. ஆனால் அதைக் கேட்டு எவரும் ஓடுவதில்லை. ‘கீழே இறங்காதீர்கள், மேலே வாருங்கள்’ என்பதே உயிர் காக்கும் வாக்கியம். அதனை நாம் வாழும் ஊரின் மொழியில் அறிந்திருப்பது நன்று. டில்லியில் ‘நீச்சே மத் ஜாயியே’ என்பார்கள். பம்பாயில் மராத்தியில் ‘காலீ ஜாவூ நகா’ என்பார்கள். பெங்களூரில் ‘கெளகெ ஹோகபேடி’ என்பார்கள். கல்கத்தாவில் ‘நீசே நாம்பென் நா’ என்பார்கள். புதிதாக ஊருக்கு வந்த தம்பிக்கும் தங்கைக்கும் காய்கறி வாங்கும் சொற்களைக் கற்றுத் தரும்போது, இந்தச் சொற்களையும் சேர்த்துக் கற்றுத் தருவோமாக. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ என்னும் செல்பேசிச் செயலியும் பல இந்திய மொழிகளில் எச்சரிக்கை தருகிறது.

ஃபுகுவோகாவிலிருந்து ராஜேந்திர நகர் வரை இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், ஒவ்வோர் ஊரிலும் நீரின் அளவு வேறு, வந்த வழி வேறு. இழந்த பொருள் மட்டும் ஒன்றே. அது காலம். மேலே இருந்தவர் உரிய நேரத்தில் சொன்ன இடங்களில் மக்கள் படியேறி வீடு சேர்ந்தனர். சொல்லாத இடங்களில், சொல்லியும் கேளாத இடங்களில், அதே படிக்கட்டு அவர்களுக்கு எதிராயிற்று. ஆகவே, பெருமழை நாளில் மேலே நிற்கும் ஒவ்வொருவரும் கீழே இருப்பவருக்குக் கண்ணாக இருத்தல் வேண்டும். நிலவறையில் படிக்கும் பிள்ளைக்கு, அடித்தளத்தில் வண்டி துடைக்கும் தொழிலாளிக்கு, சுரங்கப்பாதையில் கடை விரித்திருக்கும் முதியவருக்கு, ‘மழை பெருகுகிறது, மேலே வாருங்கள்’ என்று ஒரு குரல் கொடுப்பது எந்த எந்திரத்தினும் விரைவில் சென்று சேரும். அக்குரலைக் கொடுக்கும் வழக்கம் நாம் வாழும் ஒவ்வோர் ஊரிலும் நிலைபெறுமாக.